பாலத்தைக் கடந்த பிறகு

இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் ஒரே இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். 1937 அக்டோபர் கடைசியில், ஷாங்காயில் ஒரு கான்கிரீட் கிடங்குக்குள் இருந்துகொண்டு சில நூறு சீன வீரர்கள் நான்கு நாள் ஜப்பானியப் படையை எதிர்த்து நிற்கிறார்கள். ஆற்றின் அக்கரையில் நகரமே திரண்டு நின்று பார்க்கிறது. சாரணர் இயக்கத்துப் பெண் ஒருத்தி குண்டுமழைக்கு நடுவே கொடி கொண்டுவந்து கொடுக்கிறாள். நவம்பர் 1 பிறக்கிற நள்ளிரவில் மிஞ்சியவர்கள் பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போய்விடுகிறார்கள். சுபம். இதை வைத்து எடுத்த படங்கள் அந்தப் பாலத்தோடு முடிகின்றன. போர்க்கதை சொல்லும் காணொளிக்காரர்களும் அங்கேயே விடைபெற்றுக்கொள்கிறார்கள்.

எனக்கு அந்த முடிவு வெகுநாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. பாலத்தைக் கடந்த கையோடு அவர்களுடைய துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள் அவர்கள் முள்கம்பிக்குள் இருந்தார்கள். அவர்களை வழிநடத்திய அதிகாரியை அவருடைய ஆட்களே குத்திக் கொன்றார்கள். அப்புறம் ஜப்பானியர் கையில் சிக்கி, சிலர் பசிபிக் தீவு ஒன்றுவரை கூலி வேலைக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். நான்கு நாளுக்கு இத்தனை வெளிச்சமும் நான்கு ஆண்டுக்கு ஒரு பின்குறிப்பும் என்பது என்ன கணக்கு? ஒரு படைப்பிரிவின் வரலாறு என்றால் அது சுட்ட நாட்களின் வரலாறு மட்டும்தானா? இதைப் பற்றி யோசிக்க யோசிக்க, அந்த நான்கு நாட்களையே நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன்.

பெயர் பழையது, ஆட்கள் புதியவர்கள்

கிடங்கில் நின்றது தேசியப் புரட்சிப் படையின் 88ஆம் டிவிஷனைச் சேர்ந்த 524ஆம் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன். 88ஆம் டிவிஷன் என்றால் அப்போதைய சீனத் தேசியவாத அரசின் தலைவர் சியாங் கை ஷேக்கின் செல்லப்பிள்ளை. ஜெர்மன் ஆலோசகர்கள் பயிற்சி கொடுத்த படை, தலையில் ஜெர்மன் பாணி இரும்புத் தொப்பி. 1932இல் ஷாங்காயில் நடந்த முந்தைய மோதலிலேயே ஜப்பானியரோடு மோதிய அனுபவமும் உண்டு. 1937 ஆகஸ்ட் 13 அன்று ஷாங்காய்ப் போர் தொடங்கியபோது நகரின் வடக்கே ஜாபெய் பகுதிக்கு முதலில் அனுப்பப்பட்ட படைகளில் இதுவும் ஒன்று. அந்தக் காலத்துப் புகைப்படங்களைப் பார்த்தால் ஏதோ ஐரோப்பியப் படை என்றே தோன்றும். விறைப்பான சீருடை, பளபளப்பான கருவிகள்.

ஆனால் அக்டோபர் வரும்போது அந்தப் புகைப்படத்து ஆட்களில் பெரும்பாலானோர் உயிரோடு இல்லை. முதல் பட்டாலியன் மட்டும் இரண்டரை மாதத்தில் ஐந்து முறை புதிய ஆட்களால் நிரப்பப்பட்டிருக்கிறது. கிடங்குக்குள் போனவர்களில் மிகப் பலர் ஹூபெய் மாகாணத்துக் காவல்படையிலிருந்து வந்தவர்கள். கிராமத்துப் பையன்கள். உள்ளூரில் கம்யூனிஸ்டுகளையும் கொள்ளையரையும் விரட்டுவதற்காகத் துப்பாக்கி பிடிக்கக் கற்றவர்கள். ஜெர்மன் ஆலோசகர் யாரையும் அவர்கள் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். 'ஜெர்மன் பயிற்சி பெற்ற உயர்தரப் படை நான்கு நாள் தாக்குப்பிடித்தது' என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. அந்தப் பயிற்சியும் பெருமையும் 88 என்ற எண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தன. எண்ணுக்கு அடியில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். போரில் ஒரு ரெஜிமென்ட் 'இருக்கிறது' என்றால் என்ன அர்த்தம் என்ற கேள்வி எனக்கு அங்கேதான் முதலில் வந்தது.

இவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஷியே ஜின்யுவான். குவாங்தோங் மாகாணத்துக்காரர், வாம்போவா ராணுவப் பள்ளியில் படித்தவர், அப்போது 32 வயது. ரெஜிமென்டின் துணை அதிகாரி. பட்டாலியனின் நேரடிப் பொறுப்பு யாங் ருய்ஃபூ என்பவரிடம் இருந்தது.

அக்கரைக்காக நடந்த போர்

அக்டோபர் 26 அன்று, ஷாங்காயின் வடமேற்கே இருந்த தாச்சாங் ஜப்பானியரிடம் விழுந்துவிட்டது. இனி ஜாபெயில் இருந்தால் மொத்தப் படையும் வளைக்கப்படும், பின்வாங்க வேண்டியதுதான். ஆனால் சியாங்குக்கு வேறொரு கவலை. சீனாவின் இறையாண்மையை மதிப்பதாகச் சொன்ன ஒன்பது நாடுகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் பிரஸ்ஸல்ஸில் கூடப் போகிறார்கள். அங்கே சீனாவுக்கு ஆதரவு கிடைக்க வேண்டுமென்றால், ஷாங்காயில் இன்னும் சண்டை நடக்கிறது என்று உலகத்துக்குத் தெரிய வேண்டும். ஆகவே 88ஆம் டிவிஷன் அங்கேயே நின்று போராடட்டும் என்றார்.

டிவிஷன் தளபதி சுன் யுவான்லியாங் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு டிவிஷனையே பலிகொடுத்துக் காட்ட வேண்டியதில்லை, காட்டுவதுதான் நோக்கம் என்றால் அதற்குக் கொஞ்சம் பேர் போதும் என்பது அவர் வாதம். மேலிடத்தில் கூ ஜூதோங் ஒரு ரெஜிமென்டாவது வேண்டும் என்றார். பேரம் நடந்து நடந்து கடைசியில் ஒரு பட்டாலியனில் வந்து நின்றது. இதைப் படிக்கும்போது எனக்குச் சந்தைக்கடையில் கத்தரிக்காய்க்கு விலை பேசுவது நினைவுக்கு வந்தது. சுன் மேல் எனக்குப் பெரிய மதிப்பு எதுவும் கிடையாது. ஆனால் அந்த இரவில் அவர் பேரம் பேசியதால் சில ஆயிரம் பேர் அப்போதைக்குத் தப்பினார்கள் என்பதை மறுக்க முடியாது.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் சுன்தான். நான்கு வங்கிகள் சேர்ந்து கட்டிய சிஹாங் கிடங்கு. ஆறு மாடி, கனத்த கான்கிரீட், சூஜோ ஆற்றின் வடகரையில். டிவிஷன் தலைமையகமாகவே அது இருந்ததால் உணவும் மருந்தும் தோட்டாக்களும் ஏற்கெனவே உள்ளே இருந்தன. எல்லாவற்றையும்விட முக்கியம், ஆற்றுக்கு நேர் எதிரே, வெளிநாட்டவர் நிர்வாகத்தில் இருந்த சர்வதேசக் குடியிருப்பு. பிரிட்டிஷார், அமெரிக்கர், நிருபர்கள், புகைப்படக்காரர்கள், அடைக்கலம் தேடி வந்த லட்சக்கணக்கான சீனர்கள் எல்லோரும் அங்கே. ஜப்பானியர் கனத்த பீரங்கிகளால் சரமாரியாகச் சுட்டால் ஒரு குண்டு தவறி வெளிநாட்டவர் தலையில் விழும். அந்தப் பயம்தான் கிடங்கின் உண்மையான மதில். சீன நிலத்தில், சீனர்கள் சாவதை, ஒரு கல்லெறி தூரத்தில் பாதுகாப்பாக நின்று உலகம் பார்க்கும்படி அமைந்த அரங்கம் அது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. உள்ளே நின்றவர்கள் எவரும் நடிக்கவில்லை, குண்டுகள் நிஜம். ஆனாலும் அவர்களை அங்கே நிறுத்திய காரணம் ராணுவக் காரணம் அல்ல என்பதை மறந்துவிட்டால் பிறகு நடந்தது எதுவும் புரியாது.

சண்டையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் வேகமாகக் கடக்கிறேன். உள்ளே இருந்தது நானூற்றுச் சொச்சம் பேர். எத்தனை பேர் என்று வெளியே கேட்டபோது, எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக ஷியே 800 என்று சொல்லச் சொன்னார். பழைய முழுப் பட்டாலியனின் பட்டியல்தான் அந்த 800. 'எண்ணூறு வீரர்கள்' என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. செத்துப்போன நானூறு பேரும் காகிதத்தில் எழுந்து வந்து அவர்களோடு நின்றார்கள் என்றுதான் எனக்கு அதை நினைக்கத் தோன்றுகிறது. 28ஆம் தேதி இரவு யாங் ஹுய்மின் என்ற சாரணப் பெண் கொடியோடு வந்தாள். மறுநாள் காலை மூங்கில்களைக் கட்டிக் கம்பமாக்கி மொட்டைமாடியில் கொடி ஏற்றினார்கள். அக்கரையில் ஆயிரக்கணக்கானவர்கள் ஆரவாரம் செய்தார்கள். உடலில் கையெறிகுண்டுகளைக் கட்டிக்கொண்டு எதிரிகள் நடுவே குதித்த வீரனின் கதையும் இந்த நாட்களைச் சேர்ந்ததுதான்.

நான்காம் நாள், குடியிருப்பிலிருந்த வெளிநாட்டவர்களுக்கே இந்தக் காட்சி தலைவலியாகிவிட்டது. எந்த நேரமும் குண்டு இந்தப் பக்கம் விழலாம். பிரிட்டிஷ் தளபதி டெல்ஃபர்-ஸ்மாலெட் முன்னின்று ஏற்பாடு செய்தார். பின்வாங்கும்படி ஆணை வந்தது. பாலத்தின் மேல் ஜப்பானியர் தேடுவிளக்கை வீசி இயந்திரத் துப்பாக்கியால் சுட, 370க்கும் மேற்பட்டவர்கள் ஓடிக் கடந்தார்கள். யாங் ருய்ஃபூவுக்குக் காலில் குண்டு பட்டது.

பிரஸ்ஸல்ஸ் மாநாடு தொடங்கியது நவம்பர் 3ஆம் தேதி. அதற்கு இரண்டு நாள் முன்பே அந்தப் பட்டாலியன் கம்பிக்குள் போயிருந்தது. ஜப்பான் மாநாட்டுக்கே வரவில்லை. வந்தவர்கள் மூன்று வாரம் பேசிவிட்டு, உருப்படியாக ஒன்றும் செய்யாமல் கலைந்தார்கள்.

சிங்கப்பூர் சாலை

கடந்து வந்தவர்கள், நகரைச் சுற்றிக்கொண்டு மேற்கே போய்த் தங்கள் டிவிஷனோடு சேர்ந்துகொள்ளலாம் என்றுதான் நம்பினார்கள். அவர்களிடம் சொல்லப்பட்டதும் அதுதான். ஜப்பானியர் மிரட்டினார்கள், அவர்களைப் போகவிட்டால் நாங்கள் குடியிருப்புக்குள் நுழைந்து துரத்துவோம் என்று. பிரிட்டிஷார் ஆயுதங்களை வாங்கிக்கொண்டு எல்லோரையும் அடைத்துவைத்தார்கள். நடுநிலை நாடு தன் எல்லைக்குள் வந்த போராளிகளைத் தடுத்து வைக்கலாம் என்பது போர் மரபு, சரி. ஆனால் ஷாங்காய் எந்த நடுநிலை நாட்டின் எல்லை? அது சீன மண். தங்கள் நாட்டுக்குள்ளேயே, தங்கள் எதிரியோடு போரில் இல்லாத மூன்றாமவரிடம் கைதியாக இருந்த படை இது. காவலுக்கு நின்றவர்களில் வெள்ளை ரஷ்யர்கள் இருந்தார்கள். புரட்சியில் தங்கள் நாட்டையே இழந்து ஷாங்காயில் ஒதுங்கி, குடியிருப்பின் தொண்டர் படையில் கூலிக்கு வேலை பார்த்தவர்கள். நாடில்லாதவன் கையில் துப்பாக்கி, நாடிருப்பவன் கம்பிக்குள்.

முகாம் இருந்த தெருவுக்கு அப்போது சிங்கப்பூர் சாலை என்று பெயர். மக்கள் அதைத் தனித்துவிடப்பட்ட படையின் முகாம் என்றே அழைத்தார்கள்.

அவர்கள் அங்கே உட்கார்ந்திருந்த வாரங்களில் டிவிஷன் அப்போதைய தலைநகரான நான்ஜிங் போய்ச் சேர்ந்தது. டிசம்பர் 12 வாக்கில் நகரின் தெற்கு வாயிலுக்கு வெளியே யூஹுவாதாய் குன்றில் அது கிட்டத்தட்ட அழிந்துபோனது. 524ஆம் ரெஜிமென்டின் தளபதி ஹான் சியான்யுவான் அங்கேதான் இறந்தார். அவரோடு ரெஜிமென்டில் மிஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலோரும். அதாவது, பலிகொடுப்பதற்கென்று விட்டுவிட்டுப் போன பட்டாலியன் பிழைத்துக்கிடக்க, காப்பாற்றிக் கூட்டிப்போன மற்றவர்கள் ஆறே வாரத்தில் செத்துப்போனார்கள். இனி சேர்ந்துகொள்ள அவர்களுக்கு ஒரு ரெஜிமென்டே இல்லை. முகாமில் இருந்தவர்கள்தான் ரெஜிமென்ட்.

இந்த இடத்தில் என் பெரியப்பாவிடம் பேசியது உதவியது. அவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். துப்பாக்கியில்லாமல், ஆணை கொடுக்க மேலிடம் இல்லாமல், நான்கு வருடம் அடைந்து கிடப்பவர்களைப் படைப்பிரிவு என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "காலையில ஃபாலின் நடக்குதாம்மா? ரோல் கால் எடுக்கிறானா? எடுத்தா அது யூனிட்டு. எடுக்கலேன்னா வெறும் கூட்டம். துப்பாக்கி எல்லாம் அப்புறம்" என்றார். ஃபாலின் என்றால் வரிசையில் கூடி நிற்பது.

ஷியேவும் இதே மாதிரிதான் நினைத்திருக்க வேண்டும். முகாமில் அவர் விதித்த நடைமுறையைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. விடியலில் எழுந்து ஓட்டம், அணிவகுப்பு. எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கு வகுப்பு. மைதானத்தைத் தாங்களே சமன்செய்து விளையாட்டு. பிறகு சோப்பு, காலுறை, துண்டு என்று கைத்தொழில். அவர்கள் செய்த பொருட்களை ஷாங்காய்வாசிகள் வாங்கினார்கள், பார்வையாளர்கள் வரிசையாக வந்தார்கள், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். சுற்றிலும் ஜப்பானியர் பிடித்துவிட்ட ஊருக்கு நடுவே, தீவு மாதிரி மிஞ்சியிருந்த குடியிருப்பில், சீனப் படை என்று கண்ணால் பார்க்கக் கிடைத்தது இவர்கள் மட்டும்தான். ஷியே நாட்குறிப்பு எழுதினார். வெளியே வந்துவிடு, பதவி தருகிறோம் என்று ஜப்பானியருக்கு ஆதரவான சீனர்கள் தூது விட்டபோதெல்லாம் மறுத்தார்.

காலுறை பின்னுகிற வீரனைப் பற்றி யாரும் படம் எடுக்க மாட்டார்கள், தெரியும். ஆனால் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கிடங்கில் இருந்தபோது செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. எதிரி வருகிறான், சுடு. அக்கரையில் பத்தாயிரம் பேர் கைதட்டுகிறார்கள். முகாமில் எதிரி வருவதில்லை. ஒவ்வொரு நாள் காலையும் எதற்காக எழுந்து வரிசையில் நிற்க வேண்டும் என்பதற்குக் காரணத்தை அன்றன்றைக்கு உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஹூபெய் கிராமத்திலிருந்து வந்த இருபது வயதுப் பையனுக்கு அதை யார் சொல்லிப் புரியவைப்பது? அந்த வேலையைத்தான் ஷியே செய்துகொண்டிருந்தார்.

1938 ஆகஸ்ட் 11

போர் தொடங்கி ஓராண்டு நிறையப் போகிறது. அந்த நாளை ஒட்டி முகாமில் கொடி ஏற்ற வேண்டும் என்று வீரர்கள் நினைத்தார்கள். குடியிருப்பு நிர்வாகத்துக்கு நடுக்கம். ஜப்பானியர் கண்ணில் பட்டால் வம்பு. ஆகஸ்ட் 11 அன்று கொடி ஏறியது. காவலர்கள் அதை இறக்க முகாமுக்குள் புகுந்தார்கள்.

ஒரு பக்கம் ஆயுதம் தரித்த காவலர்கள். மறுபக்கம் ஏறக்குறைய ஓராண்டாகப் போரையும் சிறையையும் பார்த்துவிட்ட, கையில் ஒன்றுமில்லாத வீரர்கள். கம்பத்தைச் சுற்றி நின்று தடுத்தார்கள். கைக்குக் கிடைத்த கல்லும் கட்டையும்தான் ஆயுதம். காவலர்கள் அடித்தார்கள், சுட்டார்கள். சிலர் செத்தார்கள், மிகப் பலர் காயப்பட்டார்கள். கொடி பறிக்கப்பட்டது. ஷியேவையும் அதிகாரிகளையும் பிரித்து வேறிடத்துக்குக் கொண்டுபோனார்கள். முகாமில் வீரர்கள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். ஷாங்காய்ச் சீனர்கள் கொதித்தார்கள். கடைசியில் அதிகாரிகளைத் திருப்பி அனுப்பவேண்டியதாயிற்று.

இதைப் பற்றிப் படித்துவிட்டுக் கிடங்குக் கொடியேற்றத்துக்குத் திரும்பிப் போனால் அது வேறு மாதிரி தெரிகிறது. 1937 அக்டோபர் 29 அன்று அதே கொடி ஏறியபோது அக்கரையில் நின்ற வெளிநாட்டவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள், புகைப்படம் எடுத்தார்கள், அந்தப் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. பத்து மாதம் கூட ஆகவில்லை. அதே வெளிநாட்டவர்களின் நிர்வாகம், அதே கொடிக்காக, அதே ஆட்களைச் சுட்டது. இடையில் மாறியது ஒன்றுதான். முன்பு ஆறு நடுவில் இருந்தது. இப்போது கொடி ஏறியது பார்வையாளர்களின் வீட்டு முற்றத்தில். அக்கரை வீரத்தைக் கொண்டாடுவது யாருக்கும் கஷ்டமில்லை. இறந்தவர்களை எதிரிகள் கொல்லவில்லை என்பதால்தானோ என்னவோ, வீர வரலாறுகளில் இவர்கள் பெயர் ஓரத்தில் கிடக்கிறது.

அதற்குப் பின் அவர்கள் செய்த காரியம்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத உட்காரவைத்தது. கொடி கையில் இல்லை. ஏற்றவும் அனுமதி இல்லை. அதனால் மனத்துக்குள் கொடியேற்றம் என்று ஒன்றை நடைமுறையாக்கினார்கள். காலையில் வரிசையாக நிற்பார்கள். ஆணை பிறக்கும். வெற்றுக் கம்பத்தைப் பார்த்து எல்லோரும் வணக்கம் வைப்பார்கள். கொடி ஏறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். தினமும். இதைப் பறிமுதல் செய்ய எந்தச் சட்டத்திலும் வழியில்லை. காவலர்கள் என்ன செய்திருப்பார்கள்? மேலே ஒன்றும் இல்லாத கம்பத்தைப் பார்க்காதே என்று எப்படிச் சொல்வது? இதில் கொஞ்சம் வேடிக்கையும் இருக்கிறது, ஒரு பிடிவாதக் குழந்தையின் வேடிக்கை. அதைவிட அதிகமாக, இது பெரியப்பா சொன்ன ரோல் காலின் கடைசி எல்லை. கிடங்கில் ஏறிய கொடி உலகத்துக்காக. முகாமில் ஏறாத கொடியைப் பார்க்க அவர்களைத் தவிர எவரும் இல்லை.

கொன்றவர்களும் அதே வரிசையில் நின்றவர்கள்

இந்த உறுதி எல்லோரிடமும் கடைசிவரை இருந்தது என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். இருக்கவில்லை. 1941 ஏப்ரல் 24 அதிகாலை, உடற்பயிற்சிக்கு வரிசை கூடும் நேரத்தில், நான்கு வீரர்கள் ஷியே ஜின்யுவானைக் குத்திக் கொன்றார்கள். அவருக்கு 35 வயது. நான்ஜிங்கில் ஜப்பானியர் தயவில் நடந்துகொண்டிருந்த வாங் ஜிங்வெய் அரசின் ஆட்கள் பணம் கொடுத்து அவர்களை வளைத்துவிட்டார்கள் என்பதே அன்றிலிருந்து சொல்லப்பட்டு வரும் காரணம். நகரமே அழுதது, லட்சம் பேர் வரை அஞ்சலி செலுத்த வந்தார்கள். சோங்சிங்கில் இருந்த சியாங்கின் அரசு அவரை இறந்த பின் ஜெனரல் தரத்துக்கு உயர்த்தியது.

இந்த நான்கு பேரைத் துரோகிகள் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். துரோகம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர்களும் பாலத்தை ஓடிக் கடந்தவர்கள்தான், வெற்றுக் கம்பத்துக்கு வணக்கம் வைத்தவர்கள்தான். மூன்றரை ஆண்டு. வெளியே போர் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. ஊரில் குடும்பம் என்ன ஆனதென்று தெரியாது. கண்டிப்பான அதிகாரி ஒருவர் தினமும் விடியலில் எழுப்பி ஓடவிடுகிறார். நாம் எந்தப் போரில் இருக்கிறோம் என்ற சந்தேகம் ஒரு கட்டத்தில் சிலருக்கு வந்திருக்கும். அந்த இடுக்கில்தான் பணம் நுழையும். ஒரு படைப்பிரிவை ஒன்றாக வைத்திருக்கும் கண்டிப்பே அதில் சிலரை எதிரிபக்கம் தள்ளவும் கூடும் என்பதை ஏற்றுக்கொள்ளாத வரலாறு எனக்குப் பாதி வரலாறு. ஷியே எத்தனை பெரிய வேலையைச் செய்துகொண்டிருந்தார் என்பதுமே அவர் கொல்லப்பட்ட விதத்தில்தான் எனக்கு முழுசாக விளங்கியது. சும்மா இருந்தாலே ஒற்றுமை தானாக இருக்கும் ஆட்களை அவர் வைத்துக்கொண்டிருக்கவில்லை.

இயந்திரத் துப்பாக்கிக் கம்பெனியின் தளபதியாக இருந்த லெய் சியோங் பொறுப்பேற்றார். ஃபாலின் தொடர்ந்தது.

சிதறல்

டிசம்பர் 8 அன்று பசிபிக் போர் வெடித்ததும் ஜப்பானியர் குடியிருப்புக்குள் நுழைந்துவிட்டார்கள். நான்கு ஆண்டுகளாக எந்தக் கையில் சிக்கக்கூடாது என்று இருந்தார்களோ அதே கையில் பட்டாலியன் சிக்கியது. முதலில் ஷாங்காய்ப் பக்கம், பிறகு நான்ஜிங் சிறை, அங்கிருந்து துண்டு துண்டாக வெவ்வேறு கூலி முகாம்களுக்கு. ஜப்பானியர் செய்த முதல் காரியமே அவர்களைப் பிரித்ததுதான். எதைப் பிரிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சிலர் தப்பி கெரில்லாக்களோடு சேர்ந்தார்கள். சிலர் நோயிலும் அடியிலும் செத்தார்கள். சில டஜன் பேரைக் கப்பலேற்றி நியூ பிரிட்டன் தீவிலுள்ள ரபௌல் தளத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஜப்பான் சரணடைந்த பிறகு ஆஸ்திரேலியப் படை வந்து மீட்கும்வரை வேலை வாங்கினார்கள்.

இதற்கிடையில் 88ஆம் டிவிஷன் என்ற எண் மறுபடி உயிர் பெற்றிருந்தது. புதிய ஆட்களோடு, 1944இல் பர்மா எல்லையில் லோங்லிங்கில் அது சண்டையிட்டது. அந்த வீரர்களில் எத்தனை பேருக்கு, தங்கள் எண்ணைச் சுமந்த இன்னொரு கூட்டம் ஏதோ தீவில் குழி தோண்டிக்கொண்டிருப்பது தெரிந்திருக்கும்?

போருக்குப் பின் யார் நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்பதும் ஒரு தனிக் கூத்து. கொடி கொண்டுவந்த யாங் ஹுய்மினை, வேறொரு விவகாரத்தில் சந்தேகப்பட்டு, தேசியவாத அரசே போர்க்காலத்தில் சிறையில் போட்டது. பிற்காலத்தில் அவர் தைவானுக்குப் போய்விட்டார். சீனாவில் ஷியேயின் கல்லறை கலாச்சாரப் புரட்சியில் சிதைக்கப்பட்டு, 1983இல் மறுபடி எழுப்பப்பட்டது. கிடங்கு 2015இல் நினைவகமானது. குண்டு துளைத்த மேற்குச் சுவரை அப்படியே மீட்டெடுத்திருக்கிறார்கள். 2020இல் வெளியான பிரம்மாண்டப் படத்துக்கு மட்டும் கொஞ்சம் சங்கடம். மொட்டைமாடியில் ஏறிய கொடி இன்று தைவான் பறக்கவிடும் கொடி. ஆகவே கொடிக்காக உயிர்விடும் காட்சியில் கொடி சரியாகத் தெரியாதபடி பார்த்துக்கொண்டார்கள். சிங்கப்பூர் சாலை முகாமில் அதற்குப் பழக்கப்பட்டவர்கள் இருந்தார்கள், பாவம், அவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வேண்டாம் என்றவர்கள்

1945க்குப் பிறகு பல திசைகளிலிருந்தும் சுமார் நூறு பேர் ஷாங்காய்க்குத் திரும்பி வந்தார்கள். முகாம் இருந்த இடத்துக்கும் ஷியேயின் கல்லறைக்கும் போனார்கள். நகரம் மாலை போட்டது. கிடங்குக்குப் பக்கத்துச் சாலை ஒன்றுக்கு ஷியேயின் பெயர். அதற்குள் உள்நாட்டுப் போர் மூண்டுவிட்டது. மறுபடி சீருடை போட அழைப்பு வந்தபோது அவர்களில் பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 88 என்ற எண் தன் போக்கில் மஞ்சூரியாவுக்குப் போய், 1947இல் கம்யூனிஸ்ட் படைகளிடம் நொறுங்கியது.

அந்த மறுப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் 'களைத்துப்போய்விட்டார்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். களைப்பு இருந்திருக்கும். ஆனால் நான்கு ஆண்டு கம்பிக்குள் தினமும் விடியலில் வரிசையில் நின்று, கொடியே இல்லாமல் கொடியேற்றி, அதிகாரி கொல்லப்பட்ட பிறகும் மறுநாள் ஃபாலினுக்கு வந்தவர்கள் வெறும் களைப்பால் விட்டுவிடுகிற ரகம் என்று எனக்குத் தோன்றவில்லை. எதிர்த் தரப்பில் நின்றவர்களும் சீனக் கிராமத்துப் பையன்கள்தான். ஹூபெய்க்காரர்களும் அதில் இருந்திருப்பார்கள். 1937இல் அவர்களை எங்கே நிறுத்துவது என்று மேலே இருந்தவர்கள் பேரம் பேசி முடிவெடுத்தார்கள். இந்த முறை அவர்களே முடிவெடுத்தார்கள். படைப்பிரிவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதையும் அதன் நடவடிக்கைகளில் ஒன்றாகச் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் கட்சி.